மாற்றங்கள்: இல்லை

திரையில் புள்ளிகள் வருவது நின்று இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மாத்துக்காரர் நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை ஓட்டத்தில், கம்ப்யூட்டர்களை அலமாரிபோல அடுக்கிய ஒவ்வொரு ரேக்கும் தன் பங்கு வேலையை முடித்ததும் ஒரு புள்ளி போடவேண்டும். நாற்பது ரேக், நாற்பது புள்ளி. சின்னக் கணக்காகக் கொடுத்தால் நாற்பதும் மளமளவென்று விழுகின்றன. பெரிய கணக்கைக் கொடுத்தால் ஒன்றுகூட இல்லை. மெஷின் நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. மின்சாரத்தை மட்டும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஒரு சூப்பர் கம்ப்யூட்டருக்காக எழுதியதை இன்னொன்றில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பதே வேலை என்பதால் அலுவலகம் முழுக்க அவர் மாத்துக்காரர். பதினெட்டு வருடத்தில் ஐந்து மெஷின்களைப் பார்த்துவிட்டார். ஐந்திலும் ஒப்பந்த ஊழியர். இந்தத் தடவை கைக்கு வந்தது ஒரு லைப்ரரி. ஒரே பெரிய கணக்கை ஆயிரக்கணக்கான ப்ராசஸர்கள் பங்குபோட்டுச் செய்யும்போது ஒன்றின் விடை இன்னொன்றுக்குத் தேவைப்படும். அந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்தித் தரும் ப்ரோக்ராம் தொகுப்பு அது. பழைய மெஷினில் பன்னிரண்டு வருடம் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. அந்த மெஷினை மாதக் கடைசியில் அணைக்கப் போகிறார்கள். புதியதில் லைப்ரரி ஓடியாக வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. அன்று செவ்வாய்.

கோளாறு எது என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. பழையதை எழுதியவர்கள் எல்லா இடத்திலும் முதலில் கொடு, பிறகு வாங்கு என்றே எழுதிவைத்திருந்தார்கள். பழைய மெஷின் தாராளமான கடைக்காரர். எவ்வளவு சரக்கு வந்தாலும் அங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்று பின்கட்டில் இறக்கிக்கொள்ளும். புதியது கறார். சின்னப் பொட்டலம் என்றால் வாங்கி வைக்கும். மூட்டை என்றால், எதிராளி கையை நீட்டி வாங்கும்வரை கொடுப்பவன் சுமந்துகொண்டே நிற்கவேண்டும். இப்போது நாற்பது ரேக்கிலும் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். வாங்குவதற்கு ஒரு கையும் காலியில்லை.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. இருநூற்றுப் பதினான்கு இடங்களில் வரிசையைத் திருப்பி எழுதி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்ப்பது ஒன்று. அதற்கு ஆறு வாரம். இன்னொன்று சுலபம்: எது பொட்டலம், எது மூட்டை என்று மெஷினுக்குச் சொல்லும் ஒரு எண் அமைப்புக் கோப்பில் இருந்தது. அதை உயர்த்திவிட்டால் எல்லா மூட்டையும் பொட்டலமாகிவிடும். அதற்கு அரை நிமிடம். ஆனால் வாங்கி வைக்கிற சரக்கெல்லாம் மெமரியில்தான் குவியும். மெஷின் முழுவதும் ஒரே கணக்கு, அதுவும் நாள்கணக்கில் ஓடினால் மெமரி எங்கேயாவது பொங்கி வழியும். என்றைக்கு என்று சொல்லமுடியாது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, முப்பத்தெட்டு வயது, மெஷின் அறைக் காவலும் பராமரிப்பும் அவனுடையது. இரைச்சலுக்காகப் போடும் காதுமூடியைக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டிருந்தான்.

"என்ன மச்சான், மூஞ்சில ஈயாடல?"

"உன் மெஷின் முரண்டு பிடிக்குது மாப்ள."

"என் மெஷினா? அது தங்கம். உங்க ப்ரோக்ராம்தான் வாயில வச்ச சோத்தை முழுங்காம நிக்குது. ஃபேன் சத்தத்துலயே தெரியல? வேலை நடந்தா ஏறும், இறங்கும். இது ஒரே இழுப்பா இழுக்குது, தலைவலி புடிச்ச மாமியார் மாதிரி."

சரியாகச் சொல்லியிருந்தான். குளிர்பதனக் கிடங்குகளில் பத்து வருடம் மெக்கானிக்காக இருந்தவன். தொள்ளாயிரம் ஃபேன்களில் எது நாளை மறுநாள் சாகப்போகிறது என்று நடந்துபோகும்போதே சொல்வான். பாம்புச்செவி என்று பெயர் வாங்கியிருந்தான். நான்கு வருடத்துக்கு முன்பு மாத்துக்காரர்தான் வாய்ச்சொல் கொடுத்து உள்ளே சேர்த்துவிட்டார். அடுத்த மாதம் ஆறு பேரை நிரந்தரமாக்குகிறார்கள். பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. மெஷின் அறைப் பதிவேட்டை அவன் அளவுக்கு ஒழுங்காக எழுதியவர் யாரும் கிடையாது. கதவைத் திறந்தாலும் எழுதுவான், மூடினாலும் எழுதுவான். 'பல்லி ஒன்று கண்டேன், பிடிக்க முடியவில்லை' என்றுகூட ஒருநாள் நேரம் போட்டு எழுதியிருந்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா மச்சான்? இல்லேன்னா உங்களை நீட்டிக்க மாட்டாங்களாமே. அக்கா காலையிலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டா."

"முடிஞ்சிரும், முடிஞ்சிரும்."

மேலாளரை எல்லோரும் ஆகட்டும் சார் என்பார்கள். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது. புதன்கிழமை காலை மாத்துக்காரர் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, மூட்டை, பொட்டலம், மெமரி என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம். ஓடுமா, ஓடாதா?"

"ஓடும் சார். ஆனா ஆறு வாரம் குடுத்தீங்கன்னா..."

"பொண்ணு பார்க்க வந்த இடத்துல, பல்லு விழுந்ததுலேருந்து கதை சொல்லுவாங்களா? ஓடுமான்னுதான் அவங்க கேப்பாங்க. வெள்ளிக்கிழமை மேலிடத்துலேருந்து வர்றாங்க. நாற்பது புள்ளி விழணும். அப்புறம் ஆறு வாரம் என்ன, அறுபது வாரம் வச்சுப் பண்ணுங்க."

"அப்ப பின்னாடி சரிபண்ணிக்கலாம்ல சார்?"

"ஆகட்டும்."

அன்று பிற்பகல் அவர் அந்த எண்ணை உயர்த்தினார். வெள்ளிக்கிழமை, கோட்டுப் போட்ட நான்கு பேர் பின்னால் நிற்க, நாற்பது புள்ளிகளும் பாசி மணி கோத்தாற்போல வரிசையாக வந்தன. ஒருவர் கைதட்டினார், மற்றவர்கள் தட்டலாமா என்று பார்த்துவிட்டுத் தட்டினார்கள். ஒப்படைப்புப் படிவத்தில் கடைசிக்கு முந்திய கட்டம், 'மாற்றங்கள்' என்றிருந்தது. மாத்துக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். ப்ரோக்ராமில் ஒரு வரிகூடத் தொடவில்லை, ஒரு எண்தானே, ஆறு வாரம் கழித்துச் சரியாகச் செய்துவிட்டு முழுசாக எழுதிக்கொள்ளலாம். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது. மறுவாரமே அவரை வேறொரு அவசரத்தில் மாட்டிவிட்டார்கள்.

மூன்று வாரம் போயிற்று. புயல் அடிக்கும்போது கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் ஏறும் என்று கணக்கிடும் ஆராய்ச்சிக்காரம்மா ஒருவர், எட்டு மாதம் வரிசையில் காத்திருந்து மெஷின் முழுவதையும் ஒன்பது நாளுக்கு வாங்கியிருந்தார். எட்டாம் நாள், பகல் பதினொன்று இருபத்தாறுக்குக் கணக்கு செத்துப்போனது. இடையில் சேமித்துவைத்ததும் பாதியில் அறுந்திருந்தது.

காரணத்தைப் பார்க்கச் சொல்லி மாத்துக்காரரிடம்தான் கொடுத்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் விழுந்தவை ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்தின் குறிப்பிலும் ஒரே வரி: மெமரி தீர்ந்தது. அவர் அந்த வரியை ஐந்து தடவை படித்தார்.  யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அந்தச் சாளரத்தை மூடினார். பிறகுதான், ஏன் திரும்பிப் பார்த்தோம் என்று அவருக்கு உறைத்தது.

அவர் வாயைத் திறக்கும் முன்பே வேறொருவர் கைக்கு வேறொரு காரணம் கிடைத்திருந்தது. மெஷின் அறைப் பதிவேடு. 'பகல் 11.20. பத்தொன்பதாம் ரேக் பின்கதவு திறந்தேன். மூன்றாம் ஃபேன் முனகல். மாற்றினேன். 11.28 மூடினேன்.' விழுந்த ஐந்தில் ஒன்று பத்தொன்பதாம் ரேக்கில் இருந்தது. மற்ற நான்கும் வேறு வேறு ரேக்குகளில் இருந்தன. அந்த நான்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விசாரணை அறையில் ஏழு நாற்காலி. மைத்துனனுக்கு மட்டும் கைப்பிடி இல்லாதது. மெஷினை விற்ற கம்பெனியின் ஆள் ஒருவர், ஆகட்டும் சார், ஆராய்ச்சிக்காரம்மா, இன்னும் இரண்டு பேர். மாத்துக்காரர் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஓடிக்கிட்டிருக்கும்போது கதவைத் திறக்கலாமா?" என்றார் கம்பெனி ஆள்.

"திறக்கலாம் சார். ஓடும்போதே மாத்துறதுக்குத்தான் அந்த ஃபேனே செஞ்சிருக்கு. உங்க கையேட்டுலயே இருக்கு, பக்கம் நாற்பத்தொண்ணு."

"கேபிள்ல கை பட்டிருக்கலாம் இல்லையா?"

"படல சார்."

"பட்டிருக்கவே முடியாதுன்னு சொல்வீங்களா?"

மைத்துனன் தன் கைகளைப் பார்த்தான். "கை என் கைதான் சார். படலைன்னுதான் நினைக்கிறேன்."

ஆகட்டும் சார் கதவோரம் திரும்பினார். "சாஃப்ட்வேர் பக்கம் ஏதாவது இருக்குமா?"

எல்லோரும் மாத்துக்காரரைப் பார்த்தார்கள். மைத்துனனும் பார்த்தான், தனக்காகப் பேச ஆள் இருக்கிறது என்ற தைரியத்தோடு.  அவர் கண்ணுக்கு முன்னால் படிவத்தின் அந்தக் கட்டமும் தன் கையெழுத்தும் தெரிந்தன.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிருக்கு சார். பழைய மெஷின்ல ஓடுன அதே ப்ரோக்ராம்தான். ஒரு வரிகூட மாத்தல."

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. மைத்துனன் மெதுவாகத் தலையாட்டினான். மச்சானே சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்பதுபோல. ஆராய்ச்சிக்காரம்மா பெருமூச்சு விட்டு நோட்டை மூடினார்.

மறுநாள் ஆகட்டும் சார் மாத்துக்காரரைத் தனியே அழைத்தார்.

"உங்க சொந்தக்காரர்தானே? நீங்க சொன்னா கேப்பாரு. கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா பிரச்சினை இதோட முடியும். இல்லேன்னா கம்பெனிக்காரன் மெஷின் மேல குத்தம் இல்லைன்னு காட்டுறதுக்காக எல்லாத்தையும் தோண்டுவான். எல்லாத்தையும்."

எல்லாத்தையும் என்று இரண்டாம் தடவை சொன்னபோது அவர் மாத்துக்காரரைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதங்களை விளிம்பு பார்த்து அடுக்கினார். அந்தப் புதன்கிழமை காலை மூட்டை பொட்டலக் கதையை அவரும் கேட்டவர்தான்.

"கையெழுத்துப் போட்டா வேலை போயிருமா சார்?"

"பட்டியல்லேருந்து பேரு போகும். வேற கட்டடத்துல ஏதாவது பார்த்துக் குடுக்கலாம்."

"நிச்சயமா சார்?"

"ஆகட்டும்."

கட்டடத்துக்குப் பின்னால், ராட்சச ஏசிகள் சுடுகாற்றைத் துப்பும் சுவரோரம் தேநீர்க் கடை ஒன்று இருந்தது. மாத்துக்காரர் மைத்துனனை உட்காரவைத்து இரண்டு தேநீர் சொன்னார்.  தேநீர் வந்ததும், கவனக்குறைவு என்று எழுதியிருந்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

மைத்துனன் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"என் கை பட்டிருக்குமா மச்சான்? எனக்குப் படல. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். வலது கையில ஸ்க்ரூ டிரைவர், இடது கையில ஃபேன். மூணாவது கை எனக்கு ஏது?"

"பட்டுதா இல்லையான்னு இப்ப பேச்சு இல்ல மாப்ள. இதுல போட்டுட்டா வேற கட்டடத்துல குடுக்கறேன்றாரு."

"நீங்க சொன்னா சரி." காகிதத்தை மேஜையில் நீவி வைத்தான். "பேனா இருக்கா?"

மாத்துக்காரர் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கொடுத்தார். அந்த நேரத்தில்கூட, மாப்ள, நில்லு என்று சொல்லியிருக்கலாம்.  சொன்னால் ஒரு வருட வேலை போகும். பதினெட்டு வருடப் பெயர் போகும். வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்கவேண்டும். இப்போது மட்டும் எந்த முகத்தோடு பார்க்கப் போகிறோம் என்றும் தோன்றியது. தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

மைத்துனன் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு, காகிதத்தை நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்க மச்சான்."

"எதுக்குடா?"

"நீங்க வாய்ச்சொல் குடுத்துச் சேர்த்துவிட்டீங்க. உங்க பேரை நாலு பேருக்கு முன்னாடி கெடுத்துட்டேன். உங்களால நிமிர்ந்து உட்கார முடியலையே அன்னிக்கு, பார்த்தேன்."

மாத்துக்காரர் எழுந்துபோய்க் கடைக்காரரிடம் சில்லறை கேட்டார். கையில் சில்லறை இருந்தது.

வேறு கட்டடத்தில் எதுவும் ஆகவில்லை. மாதம் முடிந்தபோது மைத்துனன் அடையாள அட்டையையும் காதுமூடியையும் ஒப்படைத்துவிட்டு வந்தான். மாடியறையில் குடியிருந்தவன், வாடகை மிச்சம் என்று அக்கா வீட்டு முன்னறைக்கே பெட்டியைக் கொண்டுவந்துவிட்டான். வேலை கேட்டுப் போன இடங்களில் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். விசாரித்த பிறகு யாரும் திருப்பி அழைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் அவன் இரண்டாம் தடவை எதுவும் கேட்பதில்லை. அக்கா வைத்தால் சாப்பிட்டான்.

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்," என்றாள் மனைவி ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே.

"பேசினேனே."

"என்ன பேசினீங்க?"

அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அந்த வாரமே அவர் இருநூற்றுப் பதினான்கு இடங்களையும் திருத்த ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் இரவிலும் எல்லோரும் இறங்கிப் போனதும் ஐந்தாறு இடங்களாகச் செய்தார். பாதிப்பேரை முதலில் வாங்கச் சொல்லி, பாதிப்பேரைக் கொடுக்கச் சொல்லி. ஆறு வாரம் என்று நினைத்தது ஏழு ஆயிற்று. கடைசியில் அந்த எண்ணைப் பழைய நிலைக்கே இறக்கி ஓட்டினார். பெரிய கணக்கு ஓடியது. ஆராய்ச்சிக்காரம்மாவுக்கு மறுபடி ஒன்பது நாள் ஒதுக்கினார்கள். ஒன்பதாம் நாள் முடிந்து, விடையும் வந்தது. அவர் மாத்துக்காரரின் மேஜைக்கே வந்து நன்றி சொன்னார்.

"அந்த ஆள் போன பிறகு ஒழுங்கா ஓடுது பாருங்க," என்றார் அந்த அம்மாள், சாதாரணமாக.

மாத்துக்காரருக்குக் காது மடல் எரிந்தது. அன்று பிற்பகலே ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஆகட்டும் சார் முன்னால் போய் நின்றார். உட்காரவில்லை.

"அன்னிக்குக் கணக்கு நின்னது ஃபேனால இல்ல சார். நான் ஒரு நம்பரை மாத்தியிருந்தேன். மெமரி தீர்ந்துபோச்சு. அவன் மேல தப்பே இல்ல."

ஆகட்டும் சார் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. கண்ணால் மட்டும் மேலிருந்து கீழே படித்தார்.

"இப்பச் சரிபண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன்."

"ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? அந்தக் கோப்பை மூடியாச்சு. இப்ப இதைத் திறந்தா உங்க கையெழுத்து, என் கையெழுத்து, ஒப்பந்தத்துல இருக்கிற முப்பது பேரும் சேர்ந்து போகணும். அவரு இடத்துக்கு ஆளும் போட்டாச்சு. புதுசா வந்தவனை எங்க அனுப்புறது? அவனுக்கும் குடும்பம் இருக்கில்ல?" குரலைத் தாழ்த்தினார். "வருஷக் கடைசியில ரெண்டு பேரை நிரந்தரமாக்குறோம். உங்க பேரை எழுதி அனுப்பியிருக்கேன். இந்தக் காகிதத்தை நீங்களே வச்சுக்குங்க."

மாத்துக்காரர் நின்றார். வெளியே போகும் வழி தெரியாததுபோல நின்றார். பிறகு காகிதத்தை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். "சரி சார்" என்று ஒரு குரல் கேட்டது, தன் குரல்தான்.

அவர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கவும் உள்ளே படக்கென்று ஒரு சத்தம் கேட்டு முன்னறை விளக்கு அணையவும் சரியாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தாள் மனைவி. அக்கம்பக்கத்து ஜன்னல்களிலெல்லாம் வெளிச்சம் இருந்தது.

"சுவிட்ச் விழுந்திருச்சுடா," என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள் அவள். "உன் தலைக்கு நேரா மேலதானே இருக்கு. தூக்கிவிடு."

மின்பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த மைத்துனன் எழுந்தான். கை தானாக மேலே போனது. பலகையின் மூடியைத் திறந்து, விழுந்துகிடந்த குமிழுக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நின்றது. அப்புறம் இறங்கியது.

"என்னடா?"

"மச்சான் வந்துட்டாருக்கா. அவரே போடட்டும். நான் தொட்டு வேற ஏதாவது ஆயிரும்."

வேடிக்கையாகச் சொல்கிறானோ என்று மாத்துக்காரர் அவன் முகத்தை அந்த மங்கலில் தேடினார். வேடிக்கை இல்லை. தோளில் பையோடு, செருப்பைக் கழற்றாமல், அவர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். மைத்துனன் மரியாதையாக ஒதுங்கி இடம்விட்டான். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, மச்சானுடைய விரலுக்குச் சரியாக வெளிச்சம் விழும்படி, இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டான்.